வேர்ட்பிரஸ்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பையில் தமிழர்கள் நடத்தும் கடைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளைக் கொண்டு இணையதளம் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று எங்கே போனாலும் கேள்விகள் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் தொடக்கத்தில் உள்ள சிலவற்றைத் தாண்டிப் போகலாம். டொமைன் பற்றிய கேள்வியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

வேர்ட்பிரஸ் இலவசம்னு சொல்லுதாங்க. அப்புறம் வருஷாவருஷம் எதுக்கு ரூபா கேக்காங்க?

மென்பொருள் இலவசம்தான். அதை இறக்கிக்கொள்ளவோ, எத்தனை தளங்களில் வேண்டுமானாலும் நிறுவவோ, உள்ளே திறந்து மாற்றவோ யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் பணம் கொடுப்பது வேறு மூன்றுக்கு: தளத்தின் பெயரான டொமைனுக்கு, தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங்குக்கு, இரண்டையும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு.

ஹோஸ்டிங் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் தவணையின் விலை. புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காகக்கூடும். வாங்கும் முன் புதுப்பிப்பு விலை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இத எந்தக் கம்பெனி பண்ணுது அண்ணாச்சி? அமெரிக்காக்காரன் நாளைக்கு மூடிட்டா நம்ம கதி என்ன?

பிரான்சைச் சேர்ந்த மிஷெல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற வலைப்பதிவு மென்பொருள் ஒரு கட்டத்தில் கவனிப்பாரின்றி நின்றுபோனது. அதைப் பயன்படுத்திவந்த 19 வயது மேட் முல்லன்வெக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்து வளர்த்து, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். யாரும் எடுத்து மாற்றிப் பிறருக்கும் கொடுக்க அனுமதிக்கும் ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தில் பி2 இருந்ததால்தான் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதைச் செய்ய முடிந்தது. உங்கள் கேள்விக்கு இந்தப் பிறப்புக் கதையே பதில். எழுதியவர் விட்டுப் போனாலும் நிரலை இன்னொருவர் எடுத்து நடத்தலாம்.

முல்லன்வெக் 2005-ல் ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வேர்ட்பிரஸ் என்ற வணிகக் குறி 2010-ல் தொடங்கிய அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. நிரலை எழுதுவோர் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிலருக்கு நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கின்றன, பலர் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். இன்று உலகத் தளங்களில் பத்துக்கு நான்கு இதன் மேல்தான் ஓடுகின்றன.

டாட் காம்னு ஒண்ணு, டாட் ஆர்க்னு ஒண்ணு. நம்மது எது?

வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருளை இறக்கிக்கொள்ளும் இடம். அதை நீங்கள் விரும்பிய ஹோஸ்டிங்கில் நிறுவலாம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் நடத்தும் சேவை. தளம் அவர்களிடமே இருக்கும், திட்டத்துக்கு ஏற்பக் கட்டணம், திட்டத்துக்கு ஏற்ப வசதி. இந்தப் பக்கத்தில் நான் பேசுவதெல்லாம் முதல் வகை.

தாராவியில தோல் பை கடை வச்சிருக்கேன். இன்ஸ்டாகிராமும் வாட்ஸாப்பும் இருக்கு. இது எதுக்கு?

விற்பனைக்கு அவை இரண்டும் நல்லவை, விட வேண்டாம். ஆனால் அங்கே நீங்கள் இருப்பது 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பது போல. கணக்கு ஒருநாள் முடங்கினால் படங்களும், பின்தொடர்ந்தவர்களும், பழைய ஆர்டர் பேச்சுகளும் சேர்ந்தே போகும். முறையிட ஒரு படிவம்தான் இருக்கும்.

சொந்தத் தளத்தில் பொருள், விலை, முகவரி, மொத்த விற்பனை விவரம் எல்லாம் உங்கள் டேட்டாபேஸில், அதாவது தளத்தின் தகவல் கிடங்கில், இருக்கும். வெளியூர் வியாபாரி கூகுளில் தேடும்போது கண்ணில் படுவதும் அதுதான். கடைக்கு நாலைந்து பக்கங்கள் போதும். முதல் நாளே ஆன்லைன் பேமென்ட், கூப்பன் என்று ஆரம்பிக்காதீர்கள்.

டொமைன் எங்க சைட் போட்ட பையன் பேர்ல இருக்கு. நல்ல பையன்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பையன் நல்லவனாகவே இருக்கலாம். வேலை மாறி புனேவுக்கோ துபாய்க்கோ போவான், பழைய இமெயிலைப் பார்க்க மாட்டான், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அங்கேயே கிடக்கும். டாட் காம் பெயர் காலாவதியானால் பெரும்பாலும் சில வாரங்கள் சாதாரண விலையிலேயே மீட்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதுவும் கழிந்தால் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யாரும் வாங்கலாம். பல ஆண்டு பழகிய சங்கத்தின் பெயரில் சூதாட்டத் தளம் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சங்கத்துப் பெரியவர்களுக்கு அதை விளக்கிச் சொன்ன நாள் மிகக் கஷ்டமான நாள்.

சட்டப்படி டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை. ஜிபிஎல் கொடுக்கும் சுதந்திரம் மென்பொருளுக்குத்தான். பெயரும் கடவுச்சொல்லும் பிறர் கையில் இருந்தால் அந்தச் சுதந்திரம் உங்கள் வீட்டு வாசல் வரை வராது. எனவே மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும்: டொமைன் பதிவுக் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, வேர்ட்பிரஸ்ஸில் நிர்வாகி லாகின். சங்கமாக இருந்தால் செயலாளரின் சொந்த இமெயிலில் பதியாதீர்கள். சங்கத்துக்கென்று ஒரு இமெயில் திறந்து, நிர்வாகக் குழு மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு அதன் கடவுச்சொல்லையும் கைமாற்றுங்கள்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. ஒரே பதிவாளரிடமே (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) கணக்கு மாற்றலாம்; வேறு பதிவாளரிடம் போக வேண்டுமானால் பையன் ஒரு அங்கீகாரக் குறியீட்டை எடுத்துக் கொடுத்தால் போதும். புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரை முதல் 60 நாள் வேறிடம் கொண்டுபோக முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தீம் வேற, பிளகின் வேறயா? எத்தன பிளகின் போடலாம்?

தீம் என்பது தோற்றம். பிளகின் என்பது கூடுதல் வேலை. தொடர்புப் படிவம், நன்கொடை ரசீது, கடை எல்லாம் பிளகின். தீமை மாற்றினாலும் கட்டுரைகள் போகாது, அவை டேட்டாபேஸில் இருக்கின்றன.

எத்தனை என்பதைவிட யார் எழுதியது, கடைசியாக எப்போது திருத்தியது என்பதுதான் முக்கியம். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் உள்ள அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஒவ்வொரு பிளகின் பக்கத்திலும் கடைசித் திருத்தத் தேதி இருக்கும். இரண்டு வருடமாகத் தொடப்படாத பிளகினை நான் யாருக்கும் போடுவதில்லை.

அப்டேட் வந்துக்கிட்டே இருக்கு சார். அமுக்கினா சைட் உடஞ்சிருமோன்னு பயமா இருக்கு.

அமுக்காமல் விட்டால்தான் பயப்பட வேண்டும். 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறிய பாதுகாப்புத் திருத்தங்களை வேர்ட்பிரஸ் தானே போட்டுக்கொள்கிறது. அதை யாராவது நிறுத்தி வைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள். உடைவது பெரும்பாலும் வேர்ட்பிரஸ்ஸின் மைய மென்பொருளால் இல்லை; பழைய தீமோ, பராமரிப்பில்லாத பிளகினோ புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல்தான். பேக்கப் எடுத்துவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில், பிளகின்களை ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள்.

பலர் மறப்பது பிஎச்பி. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி அது. ஹோஸ்டிங்கில் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. இன்னும் அதிலேயே ஓடும் தளங்கள் நம்மவர்களிடம் நிறைய இருக்கின்றன.

கூகுள்ல எங்க சங்கத்துப் பேரப் போட்டா ஜப்பான் எழுத்தா வருது. ஆனா சைட்டத் திறந்தா நல்லாத்தான் இருக்கு. கூகுள்ல கோளாறா?

கோளாறு உங்கள் தளத்தில்தான். யாரோ உள்ளே புகுந்து, போலிச் சரக்கு விற்கும் கடைகளுக்கு இணைப்புக் கொடுக்கும் ஜப்பானியப் பக்கங்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கியிருக்கிறார்கள். கூகுள் வரும்போது அவற்றைக் காட்டி, நீங்கள் வரும்போது பழைய முகத்தைக் காட்டும்படி எழுதியிருப்பார்கள். மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாமல் ஓடும்.

அவர்கள் உள்ளே புகும் வழி பெரும்பாலும் ஒரு பிளகின்தான். 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில் ஒரு ஓட்டை வெளியானது. அது 7 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்தது, திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது. துடைப்பதற்கு: வேர்ட்பிரஸ் மையக் கோப்புகளையும் எல்லாப் பிளகின்களையும் புதிதாக இறக்கி மாற்றுங்கள். படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் அடைவில் பிஎச்பி கோப்பு எதற்கும் வேலையில்லை, இருந்தால் அது பெரும்பாலும் புகுந்தவன் வைத்தது. நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா பாருங்கள். கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் யாரோ உரிமையாளராகச் சேர்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதை விட்டுவிடுவதால்தான் பலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

பேக்கப் ஹோஸ்டிங்காரன் எடுப்பான்ல?

எடுக்கலாம். அவனிடம் இருக்கும் உங்கள் கணக்கே முடங்கினால் பேக்கப்பும் அங்கேதான் இருக்கும். டேட்டாபேஸ், படம், தீம், பிளகின் எல்லாம் இருக்கும் கன்டென்ட் அடைவு ஆகிய இரண்டையும் வேறோர் இடத்தில், உங்கள் கூகுள் டிரைவிலோ வீட்டு ஹார்ட் டிஸ்கிலோ வையுங்கள். வேர்ட்பிரஸ்ஸின் ‘ஏற்றுமதி’ கொடுக்கும் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படக் கோப்புகள் வராது. அதை முழு பேக்கப் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. வருடத்தில் ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து தளத்தை எழுப்பிப் பாருங்கள்.

எங்க ஆண்டு மலரெல்லாம் பழைய ஃபான்ட்ல டைப் பண்ணது. எடுத்து ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தா வருது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் உருவம் வரைந்திருப்பார்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தால் ஒரு மலர் முழுவதையும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.

மெய்ப்புப் பார்ப்பதுதான் வேலை. பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் அந்தக் காலத்துத் தட்டச்சர்கள் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’வையும், ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டையும் போட்டிருப்பார்கள். அச்சில் தெரியாத பிழை தேடலில் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சங்கத்தில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். மலரை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். மும்பைத் தமிழர் வரலாற்றில் பெரும்பகுதி இந்த மலர்களில்தான் இருக்கிறது. அது எழுத்தாக ஏறினால்தான் தேடுகிறவர் கையில் கிடைக்கும்.

தமிழ்ல தலைப்பு வச்சா லிங்க் பாதில அறுந்து நிக்குது. ஏன்?

இது தமிழுக்கு நேரும் தனிச் சிக்கல், பலருக்குக் காரணம் தெரியாது. இணைப்பு முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறியோடு கூடிய 9 எழுத்துகளாக மாற்றி வைக்கப்படுகிறது. ‘கி’ என்பதே ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடு, ஆக 18 எழுத்து. டேட்டாபேஸில் அந்த இடத்துக்கு அளவு 200 எழுத்து. கணக்குப் போட்டால் 22 குறியீடுகள்தான் கொள்ளும். இரண்டு மூன்று சொற்களிலேயே நிரம்பிவிடும்.

தலைப்பு முழுநீளத் தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் கையால் சுருக்கி எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் வாட்ஸாப்பில் அனுப்பும்போது நீளமான சதவீதக் குறிக் கோவையாகத் தெரியாது. வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வேர்ட்பிரஸ் தானே திருப்பிவிடும் என்றாலும் முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

சைட்ல ‘சங்கம்’னு தேடினா பாதிக் கட்டுரை வரவே மாட்டேங்குது.

வேர்ட்பிரஸ்ஸின் தேடல் எழுத்துக் கோவையை அப்படியே ஒப்பிடுகிறது. ‘தாராவி’ என்று தேடினால் ‘தாராவியில்’ கிடைக்கும், ஏனென்றால் அது உள்ளே முழுதாக இருக்கிறது. ‘சங்கம்’ வேற்றுமை ஏற்றால் ‘சங்கத்தில்’, ‘சங்கத்தின்’ ஆகிவிடுகிறது, மகரம் போய்விடுகிறது. ‘சங்க’ என்று தேடினால் எல்லாம் வரும். வாசகரிடம் அப்படிச் சொல்ல முடியாது என்பதால், முக்கியச் சொற்களைக் குறிச்சொற்களாக இட்டு, பக்கத்திலேயே பட்டியலாகக் கொடுப்பதுதான் நான் செய்யும் வழி. தமிழ்ப் புணர்ச்சியை அறிந்த தேடல் பிளகின் ஒன்றை நம்மவர் யாராவது எழுத வேண்டும். மொழியியலும் நிரலும் தெரிந்த பிள்ளைகளுக்கு அருமையான வேலை அது.

ஹோஸ்டிங் மாத்தினோம், தமிழெல்லாம் கேள்விக்குறியா ஆயிட்டு. திரும்ப வருமா?

எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. புள்ளியும் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் தகவல் பத்திரமாக இருக்கிறது, தவறான குறியாக்கத்தில் படிக்கப்படுகிறது; மீட்கலாம். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்பு வரும் வரை முன்னிருப்பாக இருந்தது லத்தீன் குறியாக்கம், அதனால் பழைய தளங்களில் இது சகஜம். நிஜமாகவே கேள்விக்குறிகளாகப் பதிந்துவிட்டால் அந்தப் பிரதியில் தமிழ் அழிந்துவிட்டது. பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யாமல் அங்கிருந்து சரியான குறியாக்கத்தில் மறுபடி எடுக்க வேண்டும். புதிய இடத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து முடிக்கும் வரை பழைய இடத்தைக் காலி செய்யாதீர்கள்.

உறுப்பினர் பட்டியல ‘பிரைவேட்’ பக்கத்துல போட்டிருக்கோம். பத்திரம்தானே?

பக்கம் பத்திரம். அதில் இணைத்த பிடிஎஃப் பத்திரமில்லை. அது அப்லோட்ஸ் அடைவில் இருக்கிறது, முகவரி தெரிந்த எவரும் லாகின் இல்லாமல் திறக்கலாம். வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் உள்ள பட்டியலைத் தளத்தில் ஏற்றாமல் இருப்பதே சரி. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்மை நம்பிக் கொடுத்த எண் அது.

ஜிபிஎல்தானே? அப்போ காசு கொடுத்து வாங்குற தீம வேற இடத்துல சும்மா இறக்கினா என்ன தப்பு?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. தீமின் பிஎச்பி பகுதி ஜிபிஎல்லுக்கு உட்பட்டது என்று மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் 2009-ல் கருத்துச் சொன்னது. படங்களுக்கும் வடிவக் கோப்புகளுக்கும் வேறு உரிமம் இருக்கலாம் என்றும் சொன்னது. 2010-ல் தீசிஸ் என்ற தீமைச் சுற்றி எழுந்த சண்டையும் அப்படிப் பிரித்து உரிமம் கொடுத்ததில்தான் முடிந்தது. எனவே மறுவிநியோகம் எல்லா நேரத்திலும் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது.

நான் தடுப்பதற்குக் காரணம் வேறு. உரிமச் சோதனையை நீக்கி ‘நல்ட்’ என்று சும்மா கொடுப்பவர்கள் உள்ளே ஒரு கதவைத் திறந்துவைத்துக் கொடுப்பது வழக்கம். அப்டேட்டும் வராது. மேலே ஜப்பான் எழுத்துக் கேள்வியில் சொன்னதெல்லாம் பிறகு உங்களுக்கு நடக்கும். அதிகாரப்பூர்வப் பட்டியலில் இலவசத் தீம்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

டெவலப்பர் ‘கோட் என்னோடது, வேற ஆளிடம் கொடுக்கக் கூடாது’ங்கிறார். அப்படிச் சொல்லலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆளாக இல்லாமல் வெளியாளாக எழுதிக் கொடுத்தவர், எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை, பதிப்புரிமைக்குச் சொந்தக்காரர்தான். அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் வேர்ட்பிரஸ் மேல் கட்டிய பிஎச்பி நிரலை உங்களிடம் ஒப்படைக்கும்போது ஜிபிஎல் உரிமத்தோடுதான் ஒப்படைக்க வேண்டும் என்பதே வேர்ட்பிரஸ் திட்டத்தின் நிலைப்பாடு. அந்த உரிமம் உங்களுக்கு மாற்றவும் இன்னொருவரிடம் கொடுக்கவும் அனுமதி தருகிறது.

பலர் கேட்கும் மறுபக்கம்: நாம் செய்த மாற்றங்களை ஊருக்கு வெளியிட வேண்டுமா? வேண்டாம். நம் சர்வரில் ஓட்டுவது விநியோகம் ஆகாது. இரண்டையும் வேலை தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் மனக்கசப்பு இருக்காது.

புது எடிட்டர் பிடிக்கல. பழசுக்கே போகலாமா?

2018 டிசம்பர் 6 அன்று வந்த 5.0 பதிப்பிலிருந்து கூட்டன்பர்க் என்ற பிளாக் எடிட்டர் இருக்கிறது; பத்தி, படம் என ஒவ்வொன்றும் அதில் தனிக் கட்டம். கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டால் பழையது கிடைக்கும். ஆனாலும் பிளாக் எடிட்டரைக் கற்றுக்கொள்ளவே சொல்வேன். அது உள்ளடக்கத்தைச் வலைப்பக்கங்களின் பொது மொழியான சாதாரண எச்டிஎம்எல்லாகவே சேமிக்கிறது, எந்தத் தீமுக்கு மாறினாலும் படிக்க முடியும். வேறு சில பக்க வடிவமைப்புப் பிளகின்களை நீக்கினால் கட்டுரைகளுக்குள் அடைப்புக்குறிக் குப்பை மிஞ்சும். டொமைன் கையில் இருந்தும் எழுத்து ஒரு பிளகினிடம் சிக்கிக்கொள்ளும் நிலை அது.

2024-ல பெரிய சண்டை நடந்துச்சாமே. இன்னும் இத நம்பலாமா?

2024 செப்டம்பரில் முல்லன்வெக், டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தை வெளிப்படையாகச் சாடினார். பிறகு அந்த நிறுவனத்தின் சர்வர்கள் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கை அணுகுவது தடுக்கப்பட்டது. அக்டோபரில் அவர்கள் வழக்குப் போட்டார்கள். அதே மாதம் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அவர்களுடைய பிரபலமான பிளகினின் இடத்தை வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் எடுத்துக்கொண்டு, அதற்கு வேறு பெயர் வைத்தது. டிசம்பர் 10 அன்று கலிஃபோர்னிய நீதிமன்றம் இடைக்காலத் தடை பிறப்பித்து, அணுகலைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது.

என் கருத்து: நிரலை நம்பலாம். ஆனால் நிரல் எல்லாருக்கும் பொது என்றாலும் அப்டேட் வரும் வாசல் ஒன்றுதான், அதன் சாவி சிலரிடம் இருக்கிறது என்று அந்தச் சண்டை காட்டியது. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். 2025-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ், அப்டேட் பெற ஃபேர் என்ற மாற்று ஏற்பாடு தொடங்கியதற்கும் இந்தக் கவலையே காரணம். நம் அளவில் செய்யக்கூடியது, பேக்கப் கேள்வியில் சொன்னதுபோல முழுப் பிரதியை எப்போதும் நம்மிடம் வைத்திருப்பது.

அப்போ ஜூம்லா, ட்ரூபல் பக்கம் போயிரலாமா?

இரண்டும் வேர்ட்பிரஸ் போலத் தளம் நடத்தும் மென்பொருள்கள், இரண்டும் ஜிபிஎல்தான். 2001-ல் டிரீஸ் பைட்டார்ட் வெளியிட்ட ட்ரூபல் பெரிய நிறுவனங்களுக்கும் அரசுத் தளங்களுக்கும் பொருந்தும். பராமரிக்கத் தேர்ந்த ஆள் வேண்டும். ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ல் முடிந்தது, அதில் இருப்பவர்கள் உடனே நகருங்கள். ஜூம்லா 2005-ல் மாம்போ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது. சிறு கடைக்கும் சங்கத்துக்கும் நான் வேர்ட்பிரஸ்ஸையே சொல்வதற்குக் காரணம், மும்பையில் எந்தப் பேட்டையிலும் அதைத் தெரிந்த ஆள் கிடைப்பார்.

எம் பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கா. இந்த வேலையில அவளும் சேர முடியுமா?

தாராளமாக. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் ஒரு கணக்குத் திறந்தால் தமிழாக்கத்தில் இன்றே சேரலாம். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. அவள் எழுதும் வரி பரிந்துரையாகப் போய், பதிப்பாசிரியர் ஒப்புக்கொண்டால் தமிழில் தளம் நடத்தும் அத்தனை பேருக்கும் அடுத்த மொழிப்பொதியில் போய்ச் சேரும். மையத்தைவிடப் பிளகின்களில் தமிழ் மிகக் குறைவு. அங்கே தொடங்கினால் பலன் அதிகம்.

நிரல் எழுத ஆசையென்றால், டிராக் என்ற இடத்தில் பிழைப் பட்டியல் திறந்தே இருக்கிறது, புதியவர்களுக்கு ஏற்ற பிழைகளுக்குத் தனி அடையாளம் உண்டு. கூட்டன்பர்க் மட்டும் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில். கணினியில் எதையும் நிறுவாமலே உலாவியில் வேர்ட்பிரஸ்ஸை ஓட்டிப் பார்க்க பிளேகிரவுண்ட் இருக்கிறது. முதல் திருத்தத்தை யாரும் பார்க்காமல் சில வாரங்கள் கிடக்கலாம், அதற்காக அவள் சோர வேண்டாம். பிழையை மீண்டும் உண்டாக்கிக் காட்டும் படிகளைத் தெளிவாக எழுதியிருந்தால் யாராவது எடுத்துப் பார்க்க வாய்ப்பு அதிகம்.